பூட்டிய செட்டிங் பூட்டியபடியே இருக்க: மலை அலுவலகங்களுக்கான கேள்வி பதில்கள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம், லாட்ஜ் ரிசப்ஷன், பிரவுசிங் சென்டர், பள்ளி லேப் என்று மூன்றிலிருந்து இருபது கணினி வரை வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. பெரும்பாலும் விண்டோஸ் 10 அல்லது 11 ப்ரோ இருக்கும். எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் சர்வர் இருக்காது. கணினியைக் கவனிக்கத் தனி ஆளும் இருக்க மாட்டார், கணக்குப்பிள்ளையோ மேனேஜரோதான் பார்த்துக்கொள்வார். அவர்களை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. லினக்ஸ் லேப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் பின்னால் உள்ளன.

கணினி முழுக்கப் பொருந்தும் என்று ஒரு செட்டிங்கை மாற்றினோம். ஆனாலும் சில மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஏன்?

இரண்டே காரணம்தான். ஒன்று, நீங்கள் மாற்றியது ஒரு விருப்பம், கட்டளை இல்லை. ‘யாரும் வேறு எதுவும் சொல்லாவிட்டால் இப்படி’ என்பதே அதன் பொருள். மென்பொருள் வாய் திறந்து வேறு ஒன்றைக் கேட்டால் அது கேட்டதே நடக்கும். இரண்டு, அந்த மென்பொருள் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. தனக்கென்று சொந்தமாக ஒரு நூலகத்தையும் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒரு செட்டிங் கோப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறது. விண்டோஸில் நீங்கள் என்ன எழுதி வைத்தாலும் அதற்குப் பக்கத்து வீட்டுச் சட்டம்.

ஆகவே ஒவ்வொரு செட்டிங்குக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை எழுதி வைத்திருக்கும் இடத்தை, தினசரி வேலை பார்க்கும் கணக்கால் மாற்ற முடியுமா? மாற்ற முடியாது என்றால், மென்பொருள் அந்த இடத்தைக் கேட்டுத்தான் நடக்கிறதா? முதல் கேள்விக்கு ‘முடியாது’, இரண்டாவதற்கு ‘ஆமாம்’ என்று வந்தால்தான் அது பூட்டு. மற்றதெல்லாம் கதவில் ஒட்டிய நோட்டீஸ்.

விண்டோஸில் அப்படிப் பூட்டக்கூடிய இடம் எது?

குரூப் பாலிசி. கணினிக்கான விதிகளை எழுதி வைக்கும் விண்டோஸ் வசதி அது. ஸ்டார்ட்டில் ‘ஜிபிஎடிட்’ என்று தேடினால் திறக்கும். ப்ரோ, என்டர்ப்ரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உண்டு, ஹோம் பதிப்பில் கிடையாது. அங்கே ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்’ கீழே நீங்கள் செய்யும் மாற்றம், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) ‘சாஃப்ட்வேர்’ கிளைக்குள் ‘பாலிசிஸ்’ என்ற கிளையில் போய் உட்காரும். சாதாரண கணக்குக்கு அந்தக் கிளையைப் படிக்க மட்டுமே உரிமை உண்டு, எழுத உரிமை இல்லை. மென்பொருள்கள் தங்கள் விருப்பங்களை எழுதுவது அதற்கு வெளியே உள்ள வேறு கிளையில். இரண்டும் முரண்பட்டால், பாலிசி கிளையைப் பார்க்கும்படி எழுதப்பட்ட மென்பொருளில் பாலிசிதான் ஜெயிக்கும். திரையில் அந்த பட்டன் மங்கிப் போய், ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வரி வரும்.

முடிந்தவரை ‘கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்’ பக்கத்தில் செய்யுங்கள். யார் உள்ளே வந்தாலும் பொருந்தும். அட்மின் கணக்கை விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் மட்டும் ஒரு தடை போட வேண்டுமென்றால், எம்எம்சி-யைத் (விண்டோஸின் நிர்வாகக் கருவி) திறந்து, குரூப் பாலிசி ஆப்ஜெக்ட் எடிட்டரைச் சேர்க்கும்போது ‘பிரவுஸ்’ அழுத்தி, ‘யூசர்ஸ்’ தாவலில் ‘நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ எடுங்கள். பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது. தெரியாமல், தங்களையே பூட்டிக்கொண்டு பிறகு தவிக்கிறார்கள்.

பாலிசி போட்டோம். ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்த பிறகு ரெஜிஸ்ட்ரியில் அது மாறியிருக்கிறது. 90 நிமிடத்துக்கு ஒருமுறை பாலிசி திரும்ப வரும் என்றார்களே?

90 நிமிடம், அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை ஏதோ ஒரு கூடுதல் என்ற கணக்கில் விண்டோஸ் பாலிசியைச் சரிபார்ப்பது உண்மை. ஆனால் அது பார்ப்பது ‘பாலிசிக் கோப்பு மாறியிருக்கிறதா’ என்பதை. கோப்பு மாறவில்லை என்றால், ‘முன்பே எழுதியாகிவிட்டது’ என்று விட்டுவிடும். நடுவில் அட்மின் உரிமையோடு ஓடிய இன்ஸ்டாலர் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தம் அப்படியே நிற்கும்.

இதற்கு மருந்து: கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், குரூப் பாலிசி. அங்கே ‘கான்ஃபிகர் ரெஜிஸ்ட்ரி பாலிசி பிராசஸிங்’ என்பதை எனேபிள் செய்து, ‘பாலிசி மாறாவிட்டாலும் மறுபடி எழுது’ என்ற பொருள் வரும் பெட்டியை டிக் செய்யுங்கள். இனி ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப எழுதும். உடனே பார்க்க வேண்டுமானால் கமாண்ட் பிராம்ப்டில் ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் சேர்த்து ஓட்டலாம். கடவுச்சொல் நீளம் போன்ற ‘செக்யூரிட்டி செட்டிங்ஸ்’ வகை மட்டும் தானாகவே 16 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி அமலாகும்.

எங்கள் கணினிகளில் எல்லாரும் அட்மின் கணக்கில்தான் வேலை செய்கிறார்கள். கணக்கு மென்பொருள் அப்போதுதான் ஓடுகிறது.

அப்படியானால் இந்தப் பக்கத்தில் உள்ள மற்றதைப் படித்துப் பயனில்லை. அட்மின் உரிமை உள்ள கையில் எந்தப் பூட்டும் நிற்காது. அவர் திறந்த மென்பொருளும் அவர் கையையே பயன்படுத்தும். முதல் வேலை இதைச் சரி செய்வது.

பழைய கணக்கு மென்பொருள்களும், பச்சை இலை எடை போடும் மென்பொருள்களும் அட்மின் கேட்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அவை தங்கள் செட்டிங் கோப்பையும் டேட்டாவையும் ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளேயே எழுதப் பார்க்கும். சாதாரண கணக்குக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் போய், ‘யூசர்ஸ்’ குழுவுக்கு ‘மாடிஃபை’ கொடுத்தால் பத்தில் எட்டு தகராறு தீர்ந்துவிடும். டேட்டா ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்ற மென்பொருளிலேயே வழி இருந்தால் அது இன்னும் நல்லது.

இன்னொரு விசித்திரமும் வரும். ஒரு கணக்கில் போட்ட பதிவு இன்னொரு கணக்கில் நுழைந்தால் காணவில்லை என்பார்கள். டேட்டா தொலையவில்லை. பழைய 32 பிட் மென்பொருள் ப்ரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றபோது, விண்டோஸ் சத்தமில்லாமல் அதை அந்தந்த ஆளின் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டிருக்கும். ஆப்டேட்டா, லோக்கல் உள்ளே பாருங்கள். அங்கிருந்து கோப்புகளை உரிய இடத்துக்கு நகர்த்திவிட்டு, மேலே சொன்ன அனுமதியைக் கொடுங்கள். வரிசை முக்கியம். முதலில் பேக்கப், பிறகு நகர்த்தல், கடைசியில் அனுமதி.

குரோமில் ஊழியர்கள் எக்ஸ்டென்ஷன்களைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தடுக்க முடியுமா?

முடியும். கூகுள் தரும் பாலிசி டெம்ப்ளேட்டை இறக்கி, அதிலுள்ள ஏடிஎம்எக்ஸ் கோப்பை (பாலிசி வரையறைக் கோப்பு) விண்டோஸ் ஃபோல்டரில் ‘பாலிசி டெஃபினிஷன்ஸ்’ உள்ளேயும், அதன் மொழிக் கோப்பை அதற்குள் இருக்கும் மொழி ஃபோல்டரிலும் போடுங்கள். ஜிபிஎடிட்டில் குரோம் என்ற புதுக் கிளை வரும். எக்ஸ்டென்ஷன் பிளாக்லிஸ்டில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் தடை. வேண்டியவற்றை அலவ்லிஸ்டில் அவற்றின் 32 எழுத்து அடையாளத்தோடு சேர்க்கவும். எட்ஜுக்கும் இதே வழிதான், ஆனால் அதன் கிளை வேறு. குரோமுக்குப் போட்டது எட்ஜைக் கட்டுப்படுத்தாது.

சரிபார்க்க, குரோம் முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று தட்டுங்கள். ஒரு அட்டவணை வரும். அதில் ‘லெவல்’ பத்தியைப் பாருங்கள். ‘மேண்டட்டரி’ என்றிருந்தால் பூட்டு. ‘ரெகமண்டட்’ என்றிருந்தால் அது வெறும் யோசனை, ஊழியர் மாற்றிவிடலாம். டெம்ப்ளேட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கிளைகள் இருக்கின்றன. பெயர் ஒன்றுபோல இருப்பதால் தவறான கிளையில் போட்டுவிட்டு ‘பாலிசி வேலை செய்யவில்லை’ என்பவர்கள் நிறைய. ‘ஸ்டேட்டஸ்’ பத்தியில் பிழை என்று வந்தால் இன்னொரு காரணம் இருக்கலாம். முகப்புப் பக்கம், தேடுபொறி போன்ற சில பாலிசிகளை டொமைனில் சேராத விண்டோஸ் கணினியில் குரோம் ஏற்பதில்லை. வைரஸ்கள் அந்த வழியைப் பயன்படுத்தியதால் வைத்த கட்டுப்பாடு அது.

ஃபயர்ஃபாக்ஸிலும் இதே பாகுபாடு உண்டு. அதன் கட்டமைப்புக் கோப்பில் ‘டிஃபால்ட் ப்ரெஃப்’ என்று எழுதினால் தொடக்க மதிப்பு, ‘லாக் ப்ரெஃப்’ என்று எழுதினால் பூட்டு.

‘சான்றிதழ் தவறு’ எச்சரிக்கை வந்தாலும் மேலே போ என்று அழுத்திவிடுகிறார்கள். அதையும் பூட்டலாமா?

பூட்டலாம். குரோமிலும் எட்ஜிலும் ‘எஸ்எஸ்எல் எரர் ஓவர்ரைடு அலவ்டு’ என்பதை டிஸேபிள் செய்தால் அந்த ‘மேலே போ’ இணைப்பே வராது. செய்ய வேண்டிய பூட்டுதான். ஆனால் மலையில் இதைப் போடுவதற்கு முன் மதர்போர்டு பேட்டரியைப் பாருங்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். யுபிஎஸ் தாங்காமல் கணினி முழுதாக அணையும். மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே குறைந்த விட்டத்தில், சிஆர்2032 என்று பொறித்த ஒரு பட்டன் செல் இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். புதிதாக இருந்தால் 3 வோல்ட். ஈரத்தில் அதன் தொடுமுனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருப்பதைக் காணலாம். செல் செத்தால் கணினியின் தேதி பல வருஷம் பின்னுக்குப் போய்விடும். அந்தத் தேதியில் இணையத்தின் எந்தச் சான்றிதழும் இன்னும் பிறந்திருக்காது. எல்லாத் தளமும் பிழை காட்டும். ‘மேலே போ’ வழியையும் நீங்கள் பூட்டிவிட்டீர்கள். காலை எட்டு மணிக்கு லாட்ஜில் அறை காலி செய்பவர்கள் வரிசையில் நிற்கும்போது ரிசப்ஷன் கணினி ஒன்றுமே திறக்காது.

இணைய நேரத்தோடு தானே சேர்ந்துகொள்ளாதா என்று கேட்கலாம். சேராது. டொமைனில் இல்லாத கணினியில் விண்டோஸ் நேர சேவை 54,000 விநாடி, அதாவது 15 மணி நேரம் வரையிலான வித்தியாசத்தைத்தான் தானாகத் திருத்தும். அதற்கு மேல் இருந்தால் ‘எங்கோ தப்பு’ என்று கை வைக்காது. சாதாரண கணக்குக்குக் கடிகாரத்தை மாற்ற உரிமையும் கிடையாது. ஆக அட்மின் வந்து கையால் தேதியைச் சரியாக வைக்க வேண்டும். பூட்டுப் போடும் வாரத்திலேயே பழைய கணினிகளின் செல்லை மாற்றிவிடுவது மலிவு. மாற்றும்போது துருவைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட கணினி என்றால் பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரல்) செட்டிங் பழையபடி திரும்பியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் அதே கணினிக்குள் சேமித்து வைக்கப்பட்டிருந்தால் பயன் இல்லை.

டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் முழுக்க நிறுத்த வேண்டும் என்று தணிக்கையில் எழுதிவிட்டார்கள். எங்கே நிறுத்துவது?

இந்தப் பக்கத்தின் மையமே இந்தக் கேள்விதான். டிஎல்எஸ் என்பது இணைய இணைப்பைக் குறியாக்கிப் பாதுகாக்கும் முறை. அதன் இந்த இரண்டு பதிப்புகளும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டவை. விண்டோஸின் சொந்த டிஎல்எஸ் நூலகத்தின் பெயர் எஸ்சேனல். ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கே லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், செக்யூரிட்டி ப்ரொவைடர்ஸ், எஸ்சேனல், ப்ரோட்டோகால்ஸ் என்று போனால் வரும். அங்கே ‘டிஎல்எஸ் 1.0’ என்றும் ‘டிஎல்எஸ் 1.1’ என்றும் கிளைகள் உருவாக்கி, ஒவ்வொன்றின் உள்ளேயும் ‘கிளையன்ட்’, ‘சர்வர்’ என்று இரண்டிரண்டு கிளைகள் வைக்க வேண்டும். அந்த நான்கிலும் எழுதக்கூடிய மதிப்புகள் இரண்டு.

‘டிஸேபிள்டு பை டிஃபால்ட்’ என்பதை 1 ஆக்கினால், கேட்காதவர்களுக்குக் கொடுக்காது. ஒரு மென்பொருள் ‘எனக்கு 1.0 வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேட்டால் கொடுத்துவிடும். ‘எனேபிள்டு’ என்பதை 0 ஆக்கினால் யார் கேட்டாலும் கிடையாது. முதலாவது விருப்பம், இரண்டாவது பூட்டு. பல வழிகாட்டிகள் முதலாவதை மட்டும் எழுதச் சொல்லிவிட்டு முடித்துவிடுகின்றன. இரண்டையும் எழுதுங்கள், பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டாட்நெட்டில் (மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளம்) எழுதிய மென்பொருள்களுக்குத் தனி மதிப்புகள் உண்டு. ‘சிஸ்டம் டிஃபால்ட் டிஎல்எஸ் வெர்ஷன்ஸ்’, ‘எஸ்சிஹெச் யூஸ் ஸ்ட்ராங் க்ரிப்டோ’ இரண்டையும் 1 ஆக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் இதை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும், மைக்ரோசாஃப்ட் கிளையின் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் பகுதியில் ஒன்று, ‘வாவ்6432நோட்’ கீழே அதே பகுதியில் மற்றொன்று. நம் ஊர் மென்பொருள்களில் பாதி இன்னும் 32 பிட். இரண்டாவது இடத்தை மறந்தால் அந்தப் பாதிக்கு எதுவும் மாறாது. நிரலுக்குள்ளேயே 1.0 என்று ஆணியடித்து எழுதியிருந்தால் இந்த மதிப்புகளும் அதை மாற்றாது. எஸ்சேனலில் ‘எனேபிள்டு’ 0 ஆக இருப்பதால் இணைப்பு தோற்கும். அதைத்தானே நாம் விரும்பினோம்.

அப்படித் தோற்றால் மென்பொருள் ஏதோ மொட்டையாக ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று சொல்லும். ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவைத் திறந்து எஸ்சேனல் 36871 என்ற எண்ணைத் தேடுங்கள். உள்நிலை 10013 என்று அதிலிருந்தால், நிறுத்திய பதிப்பை யாரோ கேட்கிறார்கள் என்று பொருள்.

இதைச் செய்தால் குரோமுக்கும் ஜாவாவுக்கும் சேர்த்து அமலாகிவிடுமா?

ஆகாது. குரோமும் எட்ஜும் ஃபயர்ஃபாக்ஸும் ஜாவாவும் எஸ்சேனலைக் கேட்பதில்லை, ஆளுக்கொரு சொந்த நூலகம் வைத்திருக்கின்றன. இப்போதைய பிரவுசர்கள் பழைய டிஎல்எஸ்ஸைத் தாங்களாகவே விட்டுவிட்டதால் அந்தப் பக்கம் கவலை குறைவு. ஜாவாதான் கண்ணில் படாமல் இருக்கும். டிஜிட்டல் கையொப்பத்துக்காக வைத்திருக்கும் சிறு மென்பொருள்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு பழைய ஜாவாவை வைத்திருப்பதுண்டு.

ஒவ்வொரு ஜாவாவிலும் ‘ஜாவா டாட் செக்யூரிட்டி’ என்ற கோப்பு உண்டு. அதில் முடக்கப்பட்ட டிஎல்எஸ் முறைகளின் பட்டியல் ஒரே நீண்ட வரியாக இருக்கும். அதில் டிஎல்எஸ்வி1, டிஎல்எஸ்வி1.1 இரண்டும் உள்ளனவா என்று பாருங்கள். அதே கோப்பில் ‘ஓவர்ரைடு ப்ராபர்ட்டீஸ் ஃபைல்’ என்ற வரி வழக்கமாக ‘ட்ரூ’ என்று இருக்கும். மென்பொருளைத் தொடங்கும்போது வேறொரு கோப்பைக் காட்டி இந்தப் பட்டியலைத் தள்ளிவிடலாம் என்பதே அதன் அர்த்தம். ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் அந்த வழி அடைபடும். ஆனால் நிரலின் உள்ளிருந்தே மதிப்பை மாற்றும் வழி அப்படியேதான் இருக்கும். அதற்கு இந்தக் கோப்பில் பூட்டு கிடையாது. ஜாவாவை அப்டேட் செய்தால் கோப்பு புதிதாக வந்துவிடும், மறுபடி பாருங்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம். சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வேண்டியிருக்கும் இ-பாஸ் வேறு, கையொப்பம் ஏற்றி வரும் ‘இபாஸ் 2003’ என்ற யுஎஸ்பி டோக்கன் வேறு. பிரவுசிங் சென்டரில் ‘இ-பாஸ் ஓடவில்லை’ என்று போன் வந்தால் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பென் டிரைவை முழுக்கத் தடுத்தால் டோக்கனும் நின்றுவிடுமா?

‘ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்’ கீழே ‘ஆல் ரிமூவபிள் ஸ்டோரேஜ் க்ளாசஸ்’ என்பதை எடுத்தால், டோக்கனுக்குள் சிடி போலத் தெரியும் டிரைவர் பகுதியும் மறைந்துவிடும். கையொப்பமிடும் சிப் ஸ்மார்ட் கார்டு வகை, அது நிற்காது. ஆனால் டிரைவர் இன்ஸ்டால் ஆகாததால் டோக்கனே கெட்டுவிட்டது போலத் தோன்றும். டிரைவரை முதலில் அட்மின் கணக்கில் போட்டுவிட்டுத் தடையைப் பிறகு போடுங்கள். பிரவுசிங் சென்டருக்கு முழுத் தடை சரிவராது, பென் டிரைவில் பிரிண்டுக்குக் கொண்டு வருவார்கள். ‘ரிமூவபிள் டிஸ்க்ஸ்: டினை எக்ஸிக்யூட் ஆக்சஸ்’ மட்டும் போட்டால் படிக்கலாம், எழுதலாம், உள்ளிருந்து எதையும் ஓட்ட முடியாது.

இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் மென்பொருளை எப்படி நிறுத்துவது?

ஆப்லாக்கர், அதாவது எந்த மென்பொருள் ஓடலாம் என்று விதி போடும் விண்டோஸ் வசதி. டவுன்லோட்ஸிலோ ஆப்டேட்டாவிலோ இருந்து ஓடும் எக்ஸ்இ-க்கு (நேரடியாக ஓடும் மென்பொருள் கோப்பு) அட்மின் உரிமை தேவையில்லை. போனில் ‘உங்கள் பேங்க் கேஒய்சி’ என்று பேசி, தூரத்திலிருந்து கணினியைக் கையாளும் சிறு மென்பொருளை இறக்க வைப்பவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். குரூப் பாலிசி வழியே போட்ட ஆப்லாக்கர் விதி முன்பு என்டர்ப்ரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டுமே அமலானது. இப்போது அப்டேட் ஆன விண்டோஸ் 10 (2004 பதிப்பு முதல்), விண்டோஸ் 11 எல்லாவற்றிலும் அமலாகும்.

ஜிபிஎடிட்டில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், விண்டோஸ் செட்டிங்ஸ், செக்யூரிட்டி செட்டிங்ஸ், அப்ளிகேஷன் கண்ட்ரோல் பாலிசிஸ் என்று போங்கள். எக்ஸிக்யூட்டபிள் ரூல்ஸில் வலது கிளிக் செய்து ‘க்ரியேட் டிஃபால்ட் ரூல்ஸ்’. மூன்று விதி வரும். ப்ரோகிராம் ஃபைல்ஸில் உள்ளது யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், விண்டோஸ் ஃபோல்டரில் உள்ளதும் அப்படியே, அட்மின் எதையும் ஓட்டலாம். அமலாக்கத்தை முதலில் ‘ஆடிட் ஒன்லி’ என்று வையுங்கள். ‘அப்ளிகேஷன் ஐடென்டிட்டி’ சேவை ஓடாவிட்டால் விதிகள் வெறும் காகிதம், அதைத் தொடங்க மறக்காதீர்கள்.

இரண்டு வாரம் விடுங்கள். நடுவில் ஒரு மாத இறுதி வந்தால் நல்லது, அப்போதுதான் சம்பளப் பட்டியல் மென்பொருள் போன்ற அபூர்வங்கள் வெளியே வரும். ஈவென்ட் வியூவரில் ஆப்லாக்கர் பதிவில் 8003 எண் வந்த ஒவ்வொன்றும், அமலாக்கியிருந்தால் தடுக்கப்பட்டிருக்கும். தேவையானதற்கு விதி எழுதிவிட்டு அமலாக்குங்கள். பிறகு தடுக்கப்படுவது 8004 என்று பதிவாகும்.

ஓட்டை எங்கே என்றால், முன்பு கணக்கு மென்பொருளின் ஃபோல்டருக்கு ‘மாடிஃபை’ கொடுத்தோமே, அங்கேதான். அது ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அதில் ஒரு எக்ஸ்இ-யைப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். ஆகவே ப்ரோகிராம் ஃபைல்ஸ் விதியின் ‘எக்ஸெப்ஷன்ஸ்’ தாவலில் அந்த ஃபோல்டரைச் சேர்த்து விலக்கிவிட்டு, மென்பொருளுக்கு மட்டும் வெளியீட்டாளர் கையொப்பத்தை வைத்துத் தனி விதி எழுதுங்கள். கையொப்பம் இல்லாத பழைய எடை மென்பொருளுக்கு ஹாஷ் விதி (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை வைத்து எழுதுவது). ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஹாஷ் மாறும் என்பதால் அப்டேட் செய்யும் நாளில் விதியையும் புதுப்பிக்க வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளும் ‘டெம்ப்’, ‘டாஸ்க்ஸ்’ போன்ற, சாதாரண கணக்கு எழுதக்கூடிய மூலைகள் உண்டு. அவற்றையும் விலக்குங்கள்.

ஃபயர்வாலில் மென்பொருள்கள் தாங்களாகவே துளை போட்டுக்கொள்கின்றனவே?

இன்ஸ்டாலர் அட்மின் உரிமையில் ஓடும்போது போடுகிறது. குரூப் பாலிசியில் ஃபயர்வால் ப்ராபர்ட்டீஸ் திறந்து, பப்ளிக் ப்ரொஃபைலில் ‘ரூல் மெர்ஜிங்’ பகுதியில் ‘அப்ளை லோக்கல் ஃபயர்வால் ரூல்ஸ்’ என்பதை ‘நோ’ ஆக்கினால், பாலிசியில் நீங்கள் எழுதிய விதி மட்டுமே செல்லும். மற்ற ப்ரொஃபைல்களிலும் செய்யலாம். ஆனால் அப்போது பகிர்ந்த பிரிண்டரும், பல கணினியில் ஓடும் கணக்கு மென்பொருளும் அந்த நிமிடமே நிற்கும், அவற்றின் விதிகளைப் பாலிசியில் முன்பே எழுதியிருக்க வேண்டும். பப்ளிக்கில் மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வது சிறிய அலுவலகத்துக்குப் போதும் என்பது எங்கள் கருத்து.

‘ஆன்டிவைரஸை நிறுத்தினால்தான் இன்ஸ்டால் ஆகும்’ என்று சர்வீஸ் ஆள் சொல்கிறார்.

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ‘டாம்பர் ப்ரொடெக்ஷன்’ ஆன் ஆகியிருந்தால், ஸ்கிரிப்டோ ரெஜிஸ்ட்ரி மாற்றமோ அதை நிறுத்த முடியாது. திரையில் கையால்தான் முடியும். அதை ஆனிலேயே விடுங்கள். உண்மையிலேயே மோதல் இருந்தால் அந்த ஒரு கோப்பையோ ஃபோல்டரையோ மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். டி டிரைவ் முழுவதையும் விலக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அவர் போன பிறகு பட்டியலைத் திறந்து பாருங்கள்.

பவர்ஷெல்லுக்கு (விண்டோஸின் கட்டளை, ஸ்கிரிப்ட் கருவி) ‘எக்ஸிக்யூஷன் பாலிசி’ போட்டால் போதுமா?

குரூப் பாலிசி வழியே போட்டது, கட்டளையோடு ‘பைபாஸ்’ சேர்த்து ஓட்டுவதை மீறி நிற்கும். ஆனால் ஸ்கிரிப்டின் வரிகளை நகலெடுத்துத் திரையில் ஒட்டினால் அது ஓடும். தவறுதலாக ஓட்டுவதைத் தடுக்கும் வேலி அது, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

லினக்ஸ் லேப் வைத்திருக்கிறோம். கணினி முழுக்கக் குறியாக்க விதி போட வழி உண்டா?

ஃபெடோராவிலும் ரெட்ஹாட் 8 முதலும் ‘க்ரிப்டோ பாலிசிஸ்’ உண்டு. லெகசி, டிஃபால்ட், ஃப்யூச்சர், ஃபிப்ஸ் என்று நான்கு நிலைகள். ஒரே கட்டளையில் மாற்றினால் ஓபன்எஸ்எஸ்எல், க்னுடிஎல்எஸ், என்எஸ்எஸ், ஓபன்ஜேடிகே, ஓபன்எஸ்எஸ்ஹெச் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மாற்றிய பின் ரீஸ்டார்ட் நல்லது. இங்கேயும் அதே கதைதான், மென்பொருள் தன் கோப்பில் சைஃபர் (குறியாக்க முறை) பட்டியலைத் தனியாக எழுதியிருந்தால் அது சொன்னதே நடக்கலாம். சர்வர் மென்பொருள்களின் கட்டமைப்புக் கோப்பில் அப்படி வரிகள் இருந்தால் நீக்கிவிட்டு, கணினி விதியைப் பின்பற்ற விடுங்கள். கோ மொழியில் எழுதிய நிரல்களும், கண்டெய்னருக்குள் (மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பொதி) ஓடுபவையும் தங்கள் சொந்த நூலகத்தோடு வருபவை, வெளியே போட்ட விதி அவற்றுக்குத் தெரியாது. உபுண்டுவில் ஓபன்எஸ்எஸ்எல் கட்டமைப்புக் கோப்பில் குறைந்தபட்சப் பதிப்பை எழுதலாம், ஆனால் அது தொடக்க மதிப்பு மட்டுமே.

க்னோம் திரையமைப்புக்கு டிகான்ஃப் (அதன் செட்டிங்குகளைச் சேமிக்கும் அமைப்பு) இருக்கிறது. மதிப்பை ஒரு கோப்பிலும், அந்த மதிப்பின் பாதையை ‘லாக்ஸ்’ ஃபோல்டரில் இன்னொரு கோப்பிலும் எழுதி, டிகான்ஃப் அப்டேட் ஓட்ட வேண்டும். இரண்டாவது கோப்பு இல்லையென்றால் மாணவர் அடுத்த நிமிடமே மாற்றிவிடுவார்.

எஸ்எஸ்ஹெச் கிளையன்ட் செட்டிங்கை எல்லாருக்கும் பொதுவாகப் போட்டோம், ஒருவருக்கு மட்டும் வேலை செய்யவில்லை.

எஸ்எஸ்ஹெச் கிளையன்ட் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருள்) முதலில் கட்டளை வரியையும், பிறகு அந்த ஆளின் சொந்தக் கோப்பையும், கடைசியில்தான் கணினியின் பொதுக் கோப்பையும் பார்க்கும். முதலில் கிடைத்த மதிப்பே நிலைக்கும். அதாவது பொதுக் கோப்பு எப்போதும் தோற்கும், வடிவமைப்பே அப்படி. கட்டாயம் வேண்டுமென்றால் சர்வர் பக்கக் கோப்பில் போடுங்கள். அங்கேயும் முதலில் வரும் வரிதான் ஜெயிக்கும். உபுண்டுவில் துணை ஃபோல்டரில் உள்ள கோப்புகள் முதன்மைக் கோப்பின் தலையிலேயே சேர்க்கப்படுவதால், கீழே நீங்கள் ‘பாஸ்வேர்ட் வேண்டாம்’ என்று எழுதியிருந்தாலும் துணைக் கோப்பின் ‘வேண்டும்’ நிற்கக்கூடும். எஸ்எஸ்ஹெச்டி கட்டளையைப் பெரிய எழுத்து டி-யோடு ஓட்டினால் உண்மையில் எது அமலில் உள்ளது என்று அச்சிட்டுக் காட்டும்.

எல்லாம் போட்டு நாங்களே வெளியே மாட்டிக்கொண்டால்?

தினசரி தொடாத ஒரு அட்மின் கணக்கு ஒவ்வொரு கணினியிலும் இருக்கட்டும். அதன் கடவுச்சொல்லை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பணப் பெட்டியில் வையுங்கள். பிட்லாக்கர் எண்ணும் அதே உறையில். மாற்றம் எதையும் தொடங்குமுன், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் எல்ஜிபிஓ கருவியால் இருக்கிற பாலிசியைப் பேக்கப் எடுங்கள். ஒரு கணினியில் சரிபார்த்த பாலிசியை மற்றவற்றுக்கு ஏற்றவும் இதே கருவிதான். திரும்ப வழியே தெரியவில்லை என்றால், சிஸ்டம்32 உள்ளே ‘குரூப்பாலிசி’ ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு ஜிபிஅப்டேட் ஓட்டினால் டெம்ப்ளேட் வகை செட்டிங்குகள் கழன்றுவிடும். ஆப்லாக்கரை அதன் இடத்திலேயே வலது கிளிக் செய்து ‘க்ளியர் பாலிசி’ கொடுத்துத் தனியாகத் துடைக்க வேண்டும்.

மாற்றத்தை ஒரு கணினியில், ஒரு நேரத்தில் ஒன்றாகச் செய்யுங்கள். குன்னூர் தேயிலை ஏலத்துக்கு முந்தின நாளோ, சீசன் சனிக்கிழமையோ வேண்டாம்.

போட்ட பூட்டு உண்மையில் பூட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சாதாரண கணக்கில் நுழைந்து உடைத்துப் பாருங்கள். கையொப்பமில்லாத ஏதாவது எக்ஸ்இ-யை டவுன்லோட்ஸில் வைத்து இரட்டைக் கிளிக் செய்யுங்கள். குரோமில் ஒரு எக்ஸ்டென்ஷன் சேர்க்கப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் பாலிசிஸ் கிளைக்குள் ஒரு மதிப்பை மாற்றப் பாருங்கள், ‘எழுத முடியவில்லை’ என்று வர வேண்டும். ஜிபிரிசல்ட் கட்டளையில் ஹெச் சேர்த்து ஒரு கோப்புப் பெயர் கொடுத்தால் அமலில் உள்ள பாலிசிகளை ஒரு பக்கமாக எழுதித் தரும். அட்மின் கணக்கில் ஓட்டினால்தான் கம்ப்யூட்டர் பகுதியும் அதில் சேரும். அதை அச்செடுத்துத் தேதியோடு ஃபைலில் வையுங்கள். ஒவ்வொரு பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும், சர்வீஸ் ஆள் வந்துபோன மறுநாளும் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய அச்சும் புதிய அச்சும் பக்கத்தில் இருந்தால் எந்த வரி காணாமல் போயிற்று என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.